நிலத்தளத்தில் ஒரு வெட்டு

லிந்துலை
2024 நவம்பர் 5

அன்புள்ள பைஸர்,

இந்தக் கடிதத்தில் நான்கு விடயங்கள் எழுதப்போகிறேன். எழுதிக்கொண்டு போகும்போது வரிசை தப்பிவிடும் என்ற பயத்தில் முதலிலேயே குறித்துவிடுகிறேன்.

1. நேற்று உங்கள் கடையில் நான் நடந்துகொண்ட விதம்.
2. நமது மின்சுற்றுப் பலகையில் நிலத்தளம் இருக்கும் இடம்.
3. அந்த நிலத்தளத்தை இரண்டாக வெட்டச் சொன்ன காரணம், அது சரி என்பது.
4. அபாயச் சங்கு வீணாக அலறுவதற்குக் காரணத்தை வேறு எங்கே தேட வேண்டும் என்பது.

முதலாவது. "சாமான் விற்கிறவருக்கு ஏர்த்தைப் பற்றி என்ன தெரியும்" என்று உங்கள் மகள் அஃப்னாவின் முன்னால் சொன்னேன். நீங்கள் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எழுபத்திரண்டு வயது மனிதன் செய்யும் காரியம் அல்ல. மன்னித்துக்கொள்ளுங்கள். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் நீங்கள் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்கும், மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். கடிதம் என்றால் அடித்துத் திருத்தி எழுதலாம்.

இரண்டாவது. நாம் இருவரும் அறிந்ததைத்தான் எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் என் பிழை என் கண்ணில் படும். டயகமப் பக்கத்துத் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மலையில் போன வருடம் ஒரு வெடிப்பு விழுந்தது. பங்குச்சாமியார் கேட்டதற்காக நாம் அந்தப் பெட்டியைச் செய்தோம். வெடிப்பின் குறுக்கே ஒரு கம்பி. மண் பத்து மில்லிமீற்றர் விலகினால் கம்பி இழுபட்டு, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைமடுவத்துக் கூரையில் உள்ள சங்கு அலற வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பலகையில் நான்கு செப்பு அடுக்குகள். மேலடுக்கில் உறுப்புகளும் தடங்களும். அதற்கு நேர் கீழே, இரண்டாம் அடுக்கு முழுவதும் ஒரே செப்புத் தகடு. தடங்களில் போகும் மின்னோட்டம் எல்லாம் திரும்பி வரும் வழி அது. அதைத்தான் நான் நிலத்தளம் என்கிறேன், நீங்கள் கிரவுண்ட் என்கிறீர்கள். அதை மேலடுக்கை ஒட்டியே வைக்க வேண்டும் என்றீர்கள். ஒத்துக்கொண்டேன். இதில் நமக்குள் சண்டை இல்லை.

மூன்றாவது. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அங்கே மின்னோட்டம் நிலத்துக்கு இறங்கும் ஏர்த் இரண்டு: சுத்தமான ஏர்த் ஒன்று, அழுக்கு ஏர்த் ஒன்று. பேச்சு ஓடும் கம்பிகளுக்கு ஒன்று, மோட்டாருக்கும் மணிக்கும் மற்றது. இரண்டும் ஒரே ஒரு இடத்தில்தான் சேரலாம். அதே முறையில், கம்பியின் சின்னச் சமிக்ஞைக்கு ஒரு பாதியும் சங்குக்கும் அதை அலறவைக்கும் கணிப்பானுக்கும் மறுபாதியுமாக நிலத்தளத்தை வெட்டச் சொன்னேன். கீழ் மூலையில் மட்டும் ஒரு பாலம் விட்டோம். இது சரியான முறை.

நான்காவது. எனவே பிழை பலகையில் இல்லை. வெடிப்பிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிளில் ஒரு மூட்டு இருக்கிறது. அதில் தண்ணீர் இறங்குகிறது என்று நினைக்கிறேன். அதைத் திரும்பக் கட்டிப் பாருங்கள்.

அன்புடன்
இக்னேசியஸ்

ஹட்டன்
8.11.2024

இக்னேசியஸ் சேருக்கு,

கடிதம் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து தந்த பஸ் கண்டக்டர் நிரோஷன், "என்னா நானா, சேர் கோவமா இருக்காரா? கவர ரெண்டு தரம் ஒட்டியிருக்காரு" என்று கேட்டான். மன்னிப்பெல்லாம் எதற்கு சேர். இருந்தாலும் அஃப்னா விட்டபாடில்லை. சோறு தின்னக் கூப்பிட்டால் காதைத் தொட்டுக்காட்டி, கழற்றி வைத்துவிட்டேன் என்கிறாள்.

உங்கள் நான்காவது விடயத்தை நேற்றே செய்து பார்த்தேன். மூட்டைப் பிரித்துத் துடைத்து, ரப்பர் நாடா சுற்றி, மேலே தாரும் பூசினேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கவில்லை. தார் காயவில்லை, நாலரைக்கு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு மின்னல். சங்கு அலறியது. இது பத்தாவது தடவை.

யார் வெளியே ஓடி வந்தார்கள் என்று பார்த்தேன். முதல் தடவை இருபத்திரண்டு குடும்பமும் வந்ததாம், மழையில், கைப்பிள்ளைகளோடு. நேற்று பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் சுகிர்தம் அக்கா மட்டும் ஏழு பிள்ளைகளைக் கயிறு பிடிக்கவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் செல்லசாமி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

"நானா, ஒங்க சங்குக்குப் பசியா, பயமா? இடிச்சா அழுகுது, மின்னுனா அழுகுது. எங்க மாமியா மாதிரி."

சுகிர்தம் அக்கா திரும்பிப் பார்த்தார். "மாமியா அழுதப்ப எந்திரிச்சாவது பாத்தீங்களா?"

"மொத தரம் பாத்தேன். ஒண்ணுமில்ல. அதுக்குப் பெறகு பாக்கிறதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹட்டனுக்குத் திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சேர், கேபிளை விடுங்கள். கம்பியின் சமிக்ஞை இடது பாதியில் புறப்பட்டு வலது பாதியில் இருக்கும் கணிப்பானுக்குப் போகிறது. போகும் தடம் வெட்டைத் தாண்டுகிறது. திரும்பி வரும் மின்னோட்டம் தடத்துக்கு நேர் கீழே வரப் பார்க்கும், அங்கே செப்பு இல்லை. கீழ் மூலைப் பாலம் வரை சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அந்தச் சுற்று ஒரு வானொலி ஏரியல் மாதிரி. தூரத்து மின்னலைக்கூடப் பிடித்து உள்ளே கொடுக்கிறது. ஒக்டோபரில் இதைத்தான் சொன்னேன். நீங்கள் வெட்டச் சொன்னீர்கள், வெட்டினேன்.

பலகையின் மேல் பூச்சைச் சுரண்டி, வெட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரு செப்புப் பின்னலால் இணைத்துவிட்டால் போதும். அரை மணி நேர வேலை. ஆனால் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் கொடுத்த பலகைப் படத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. உங்களைக் கேட்காமல் அதில் கை வைக்கமாட்டேன். "சரி" என்று ஒரு சொல் எழுதுங்கள்.

பைஸர்

லிந்துலை
நவம்பர் 10

அன்புள்ள பைஸர்,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். நீங்கள் கேட்ட ஒரு சொல்லை எழுத உட்கார்ந்து மூன்று தாள்களைக் கிழித்தேன்.

நான் எதையும் எளிதில் நம்புகிறவன் அல்லன். வீட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். பூசையில் நற்கருணை வாங்கிய பிறகும் ஆயத்தமாக வந்தேனா என்று யோசிப்பேன். ஏர்த் ஒன்றைப் பற்றித்தான் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு நிலையத்தில் எல்லாத் தொலைபேசியிலும் ஒரு முனகல் கேட்டது. பெரிய பொறியியலாளர்கள் இரண்டு கிழமை தேடினார்கள். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்த நான், இரண்டு ஏர்த்தையும் பிரித்து முனகலை நிறுத்தினேன். அன்றைக்கு அவர்கள் எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார்கள். அதற்கு முன் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

இது ஒரு வாதம் அல்ல என்று எனக்குத் தெரியும்.

நிரூபணம் இல்லாமல் பலகையில் கை வைக்க வேண்டாம். வந்த ஐந்து பலகைகளில் நான்கு உங்கள் அலுமாரியில் இருக்கின்றன. ஒன்றை உறுப்புகள் பொருத்தி அனுப்புங்கள். சுகிர்தம் அவர்கள் சங்கு அலறிய நாட்களைக் கலண்டரில் குறித்துவைப்பதாக முன்பு கடையில் சொன்னீர்கள். நாள், நேரம், எவ்வளவு நேரம் அலறியது, அவ்வளவும் வேண்டும். நான் இருபது வருடமாக மழையையும் மின்னலையும் தினக்குறிப்பில் எழுதி வருகிறேன். ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

தாமதமாகிறது என்று கோபிப்பீர்கள். தெரியாமல் செய்வதைவிடத் தாமதமாகச் செய்வது மேல் என்று நினைக்கிறேன். அதுவும் சரிதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இக்னேசியஸ்

ஹட்டன்
13.11.2024

சேருக்கு,

பலகையை நிரோஷனிடம் கொடுத்தனுப்புகிறேன். கலண்டர் தாள்களைச் சுகிர்தம் அக்கா கிழித்தே தந்துவிட்டார். "ஐயா பாத்துட்டுத் திருப்பி அனுப்பட்டும், பின்னால புள்ளைங்களுக்குத் தடுப்பூசி நாள் எழுதியிருக்கேன்" என்றார்.

நான் கேட்டு எழுதியது இதுதான். ஒன்பது தடவை, அலறி ஐந்து பத்து வினாடியில் தானாகவே நின்றிருக்கிறது. நவம்பர் இரண்டாந் திகதி, சனிக்கிழமை அலறியது மட்டும் வேறு மாதிரி. மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது நிற்கவே இல்லை. செல்லசாமி ஏணி வைத்து ஏறிச் சங்குக்குள் சாக்கைத் திணித்தார். அப்போதும் உள்ளே முனகிக்கொண்டே இருந்ததாம். நான் ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கணிப்பான் இறுகிவிட்டது என்று நினைத்து நிறுத்தித் திரும்பப் போட்டேன், சரிவரவில்லை. கடைசியில் கம்பியை இரண்டு விரற்கிடை தளர்த்திவிட்டேன். நின்றது. லயமே கை தட்டியது.

சேர், பத்தும் ஒரே பிழைதான். பெரியதாக ஒன்று, சின்னதாக ஒன்பது. வெட்டை மூடுவோம்.

கிழமை முழுக்க மழை, வானம் வெளிக்கவில்லை. கடைசியில் உள்ள தொங்கல் லயத்துக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது என்று அங்கே இருக்கும் காளியாயி அம்மா சொன்னார். வடிகட்டிக் குடிக்கிறார்களாம்.

பைஸர்

லிந்துலை
நவம்பர் 16, காலை

அன்புள்ள பைஸர்,

இதை வாசித்ததும் கடையைப் பூட்டிவிட்டு டயகமவுக்குப் போங்கள். காரணம் கீழே இருக்கிறது.

பலகைக்கு மின்கலம் கொடுத்து, சங்குக்குப் பதிலாக ஒரு சின்ன மின்குமிழ் பொருத்தினேன். சமையலறையிலிருந்து காஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை எடுத்துவந்து, ஒரு அடி தூரத்தில் பிடித்து நாற்பது தடவை தட்டினேன். சின்னப் பொறிதான். இருபத்தேழு தடவை குமிழ் எரிந்தது. கம்பியை யாரும் தொடவில்லை.

பிறகு நீங்கள் எழுதியபடி, வெட்டின் குறுக்கே, தடம் தாண்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே செப்புப் பின்னலைப் பற்றுவைத்தேன். விரலை இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். மறுபடியும் நாற்பது. ஒரு தடவையும் எரியவில்லை. நம்பிக்கை வராமல் பின்னலைக் கழற்றினேன், எரிந்தது. திரும்ப வைத்தேன், எரியவில்லை. மெதுவாக ஓடும் பேச்சு மின்னோட்டத்துக்கு என் முறை பொருந்தியது. திடீரென்று பாயும் மின்னோட்டத்துக்குத் தடத்தின் நேர் கீழே உடையாத தகடு வேண்டும். நீங்கள் ஒக்டோபரில் சொன்னதுதான்.

ஆனால் இதற்காக உங்களை டயகமவுக்கு அனுப்பவில்லை.

கலண்டரையும் என் தினக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்பது நாட்களில் மின்னல் இருக்கிறது. நவம்பர் இரண்டில் இல்லை. லிந்துலை வானம் டயகம வானம் ஆகாது என்று எனக்கே மறுப்பு வந்தது. அன்றைக்குக் கல்லறைத் திருநாள். நான்கு மணிக்கு மனைவியின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தேன். இடிச்சத்தம் என் காதுக்கு எட்டாதுதான், ஆனால் வானம் ஒருதரமும் மின்னவில்லை, ஒரு சுடர்கூட அசையவில்லை. பனி மட்டும். கலண்டர் தாளைத் திருப்பிப் பார்த்தேன். அந்தத் திகதிக்கு நேரே சுகிர்தம் அவர்கள் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "மின்னல் இல்லை. பிள்ளைகள் வெளியில் விளையாடினார்கள்."

வெட்டினால் வரும் பிழை ஐந்து பத்து வினாடியில் போய்விடும். அன்றைய அலறல் இரண்டரை மணி நேரம் நிற்கவில்லை. சாக்குக்கு நிற்கவில்லை, கணிப்பானை நிறுத்தித் திரும்பப் போட்டதற்கு நிற்கவில்லை. கம்பியைத் தளர்த்தியதும்தான் நின்றது. பைஸர், அன்றைக்குக் கம்பி உண்மையாகவே இழுபட்டிருந்தது. மலை விலகியது. ஊற்றுத் தண்ணீர் நிறம் மாறியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். இரண்டு கிழமையாகக் கம்பி தொய்ந்து கிடக்கிறது. அதற்குப் பிறகு எவ்வளவு விலகியது என்று பெட்டிக்குத் தெரியாது.

ஆட்களை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். வெடிப்பின் இரு கரையிலும் ஒவ்வொரு ஆப்பு அடித்து, இடைவெளியை அடிமட்டத்தால் தினமும் அளந்து பாருங்கள். மின்னலும் வெட்டும் அடிமட்டத்தை ஒன்றும் செய்யாது.

ஒரு வேண்டுகோள். பலகையில் பிழை இருந்ததை இப்போதைக்கு லயத்தில் சொல்ல வேண்டாம். சொன்னால், அப்படியானால் எல்லாமே பொய் என்று திரும்பிப் போய்விடுவார்கள். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை எழுதவில்லை.

இக்னேசியஸ்

டயகம
20.11.2024

சேருக்கு,

பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். பதினெட்டுக் குடும்பம் வந்தது. நான்கு குடும்பம் வரவில்லை. மண்சரிவுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்குத் தொரை அறிவித்துவிட்டார். அடுத்த கிழமை வந்து பார்ப்பார்கள்.

நாங்கள் வந்த நாளிலிருந்து வெயில். நான்கு நாளாக வானத்தில் ஒரு மேகம் இல்லை. சனங்கள் மலையைப் பார்க்கிறார்கள், மலை சும்மா நிற்கிறது. பிறகு என்னைப் பார்க்கிறார்கள். நேற்று ஆறு குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டது.

சுகிர்தம் அக்கா வாசலில் குறுக்கே நின்று பார்த்தார். செல்லசாமி அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நானா, மின்னலோட அழுதா பெட்டி, மின்னல் இல்லாம அழுதா மலை. நல்லாத்தான் பிரிச்சு வச்சிருக்கீங்க. ரெண்டுமில்லாத நேரத்துல இந்தச் சீமெந்துல படுத்து எங்க புள்ளைங்க இருமுதுங்களே, அது யாரு கணக்கு?"

"இன்னும் ஒரு கிழமை பொறுங்க" என்றேன்.

"பொறுக்கிறோம். ஒத்த வார்த்தையில சொல்லுங்க. அது நல்ல பொட்டியா, கெட்ட பொட்டியா?"

நான் வாயைத் திறக்கவில்லை, உங்கள் வேண்டுகோளுக்காக. அவர் என் முகத்தைப் பார்த்தே விடையைத் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். காளியாயி அம்மா மூலையிலிருந்து, "படம் போட்ட ஐயா என்னா சொல்றாரு?" என்று கேட்டார். மலை நகர்வதாகச் சொல்கிறார் என்றேன். "அப்படின்னா எழுதிக் குடுத்திருப்பாரே. எங்க, காட்டுங்க பாப்பம்." உங்கள் கடிதம் என் பையில்தான் இருந்தது. வெளியே எடுக்க முடியவில்லை. அதில்தானே சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

சேர், ஆப்புகளை அளந்தேன். பதினாறாந் திகதி மாலை 412 மில்லிமீற்றர். இன்று காலை 418. நான்கு நாள் வெயிலில் ஆறு. வெள்ளிக்கிழமையிலிருந்து கனமழை என்று வானொலியில் சொல்கிறார்கள்.

வெள்ளி காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரும் இருப்பார்கள். தொரை பேச அனுமதி தந்திருக்கிறார். நான் பொய் சொல்லமாட்டேன், மறைக்கவும் இனி முடியாது. பலகையில் பின்னலை வைத்தாலும் எல்லாரும் பார்க்கத்தான் செய்வார்கள். நீங்கள் எழுதி அனுப்புவதைத்தான் வாசிப்பேன். எழுதி அனுப்பாவிட்டால் வாசிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பைஸர்

லிந்துலை
நவம்பர் 21

அன்புள்ள பைஸர்,

பலகையைத் திருத்துங்கள். சரி.

நிரோஷன் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறான், அதனால் இது சுருக்கம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் வருவேன். பேச எனக்குத் தைரியம் இல்லை, ஆட்கள் கேட்பதும் காதில் விழாது. ஆனால் நீங்கள் வாசிக்கும்போது பக்கத்தில் நிற்பேன். கேள்வி கேட்பவர்கள் சுகிர்தம் அவர்களிடம் சொன்னால் அவர் எழுதித் தரட்டும், நான் எழுதிப் பதில் கொடுப்பேன். பஸ் பிந்தினால் எனக்காக நிற்க வேண்டாம். கீழே உள்ளதை ஒரு வரியும் விடாமல் வாசியுங்கள்.

மேல் டிவிசன் லயத்து மக்களுக்கு:

என் பெயர் இக்னேசியஸ். உங்கள் மலையில் வைத்த பெட்டிக்குப் படம் போட்டவன் நான். சங்கு பத்துத் தடவை அலறியது. அதில் ஒன்பது வீண். கைப்பிள்ளைகளோடு மழையில் ஓடி வந்து ஏமாந்தீர்கள். பிறகு ஓடாமல் இருக்கப் பழகிக்கொண்டீர்கள். அது உங்கள் குற்றம் அல்ல. செல்லசாமி அவர்கள் சாக்கைத் திணித்ததும் குற்றம் அல்ல.

கல்லறைத் திருநாள் அன்று அலறியது மட்டும் வீண் அல்ல. அன்றைக்கு மலை விலகியது. இப்போதும் விலகிக்கொண்டிருக்கிறது. இந்த நான்கு நாள் வெயிலிலும் ஆறு மில்லிமீற்றர் விலகியிருக்கிறது. இதற்கு நீங்கள் பெட்டியை நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம். இன்று காலை மழை தொடங்குவதற்கு முன், செல்லசாமி அவர்களே பைஸரோடு போய் அடிமட்டத்தை வைத்து அளந்துவிட்டு வந்து, தான் கண்டதை எல்லாருக்கும் சொல்லட்டும். அதற்குப் பிறகு லயத்துக்குப் போவதா என்று முடிவெடுங்கள். அவர் வரும்வரை பிள்ளைகளை மண்டபத்திலேயே வைத்திருங்கள்.

அந்த ஒன்பதுக்கும் காரணம் பைஸர் அல்ல. அவர் வேண்டாம் என்று சொன்னார். நான் கேட்கவில்லை. பெட்டிக்குள் முழுதாக இருந்திருக்க வேண்டிய ஒரு செப்புத் தகட்டை நான் இரண்டாக வெட்டச் சொன்னேன். வெட்டியது சரி என்று இம்மாதம் ஐந்தாந் திகதி அவருக்கு எழுதிய கடிதத்தில் மூன்றாவது விடயமாகவும் எழுதினேன். பிழை என்று தெரிந்த பிறகும் ஐந்து நாள் உங்களிடம் சொல்லாமல் இருந்தேன். நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

இக்னேசியஸ்